கட்டைவிரலுக்கு ஒரு ஸ்விட்ச்

எங்கள் அண்ணியின் உடம்பில் எல்லாம் அண்ணி சொன்ன பேச்சைக் கேட்கும், வலது கைக் கட்டைவிரலைத் தவிர. அது கொஞ்சம் அதிகப்பிரசங்கி. யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போதே தன்பாட்டுக்குக் கிளம்பிப் போய் எதிரே இருக்கிற பலகையின் விளிம்பைத் தடவும். சாப்பாட்டு மேஜையோ, வங்கிக் கவுண்டரோ, பக்கத்து வீட்டுத் தையல் மெஷினோ, எதுவானாலும் சரி, முன்விளிம்பில் இடமிருந்து வலமாக ஒரு தள்ளு. "என்ன அண்ணி, மேஜைய ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்று கேட்பேன். "உங்க வாய ஆஃப் பண்ண ஒரு ஸ்விட்ச் இருந்தா அதத்தான் தம்பி மொதல்ல தள்ளுவேன்" என்பார்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவன் யார் குறுக்கே பேசுகிறவன் என்று தோன்றும். நான் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் கில்யாணம் என்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறை, கீழே அண்ணி கையால் மூன்று வேளைச் சாப்பாடு. அண்ணன் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பதால், வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் உடனே தூங்கிவிடுவார். அவர்களுக்கு ஒரே மகள். அவளுக்குப் பெயர் வைத்ததெல்லாம் சரிதான், ஆனால் தவழ்கிற வயதிலேயே என் கருவிப்பெட்டியைக் கவிழ்த்து ஸ்குரூ ஒன்றை வாயில் போட்டுக்கொண்டதிலிருந்து எனக்கு அவள் வாலு. நாளடைவில் அண்ணன், அண்ணி, பள்ளி வேன் ஓட்டுநர் வரை எல்லோருக்கும் அவள் வாலு ஆகிவிட்டாள்.

அண்ணியின் வேலை, டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது. டாக்டர்களுக்கு எழுத நேரமில்லை. நோயாளியைப் பார்த்து முடித்ததும் ஒரு கருவியில் கடகடவென்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள், சிலர் கொட்டாவியோடு பேசுவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு, பிழையில்லாமல் அடித்துக் கொடுக்க வேண்டும். மேஜைக்கு அடியில் காலுக்கு ஒரு பெடல் இருக்கும். ஒரு மிதி மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும், பக்கத்தில் மிதித்தால் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி சொல்லும். கையும் காலும் காதும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

அந்த அலுவலகத்தில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. யாருக்கு என்ன நோய் என்பது வெளியே கசியவே கூடாது. அதனால் குரலைத் திறந்து தட்டச்சு செய்கிற நேரம் முழுவதும் லேப்டாப்பின் வயர்லெஸ் இணைப்பை அணைத்து வைக்க வேண்டும். முடித்த பிறகு இணைத்து, அனுப்பிவிட்டு, மறுபடி அணைக்க வேண்டும். அவர்களுக்குக் கொடுத்திருந்த கறுத்த, தடித்த லேப்டாப்பில் அதற்கென்று முன்விளிம்பில் ஒரு ஸ்விட்ச் உண்டு. நகத்தளவுதான் இருக்கும். வலப்பக்கம் தள்ளினால் இணைப்பு போகும், தள்ளிய இடத்தில் ஒரு சிவப்புப் பட்டை தெரியும். மேற்பார்வை அம்மா ஒருவர் மேஜை வரிசைகளுக்கு நடுவே நடந்து போவாராம். திரையையோ முகத்தையோ பார்க்க மாட்டார், விளிம்பில் சிவப்பு தெரிகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார். தெரியாதவர்களுக்கு அந்த வாரம் கழிப்பறைக் கதவை ஒட்டிய நாற்காலிதான். அண்ணி ஒரே ஒருமுறை அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கட்டைவிரல் மறக்கவே இல்லை.

பிறகு அந்த அலுவலகம் இடத்தைக் காலி செய்துவிட்டு, எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டது. லேப்டாப்பும் பெடலும் ஹெட்ஃபோனும் ஒரு அட்டைப்பெட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஜன்னலோர மேஜை அண்ணியின் அலுவலகம் ஆனது.

இப்போது நினைத்தால், எங்கள் வீடு வீடாக இருந்தது அந்தச் சில வருடங்கள்தான் என்று தோன்றுகிறது. சாயங்காலம் அண்ணி கடைசிக் கோப்பை அனுப்பிவிட்டு, விரலால் ஒரு தள்ளு தள்ளி, "கடைய சாத்தியாச்சு" என்பார். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. சின்ன 'டிக்'. அதைக் கேட்டதும் வாலு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து அதே மேஜையின் மறுபக்கம் உட்காருவாள். பரீட்சை நேரத்தில் அதே லேப்டாப்பைத்தான் அவளும் பயன்படுத்தினாள். சிவப்புப் பட்டை தெரிந்தால் படிப்பு, தெரியாவிட்டால் அரட்டை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகளாயிற்றே, சும்மா இருப்பாளா? அண்ணியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஸ்விட்ச் இடப்பக்கம் இருக்கும்போதும் சிவப்பு தெரிகிற மாதிரி பூசிவிட்டாள். இரண்டு நாள் தோழியோடு அரட்டை அடித்துக்கொண்டே 'படித்தாள்'. மூன்றாம் நாள் அண்ணி கண்டுபிடித்தார். திட்டவில்லை. ஒரு பஞ்சையும் நகப்பூச்சு துடைக்கிற புட்டியையும் அவள் முன்னால் வைத்துவிட்டு, "மேற்பார்வை அம்மாகிட்டயே வேல பாத்தவ நான். என்னை ஏமாத்தப் பாக்கறியா?" என்றார். நான் சிரிப்பை அடக்க மாடிக்கு ஓட வேண்டியதாயிற்று.

எனக்கு அந்த ஸ்விட்சைப் பிடிக்கும். என் தொழில் அப்படி. லிஃப்ட்டில் ஆயிரம் மின்னணு வேலை இருக்கட்டும், நிறுத்துகிற பொத்தான் மட்டும் சிவப்பாக, தடித்ததாக, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். பயந்துபோனவன் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டான், கையை நீட்டுவான். அந்த விஷயத்தில் அண்ணியும் நானும் ஒரே கட்சி.

வாலு படித்து முடித்தாள். குடிநீரைச் சோதிக்கிற ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. ஆனால் வெகு தொலைவில் உள்ள நகரத்தில். ரயிலில் ஏற்றிவிட்டு வந்த அன்று அண்ணன் மருந்துக்கடைக்குப் போகவில்லை, நான் ஒரு லிஃப்ட்டைப் பூட்டாமலேயே வந்துவிட்டேன். அண்ணி மட்டும் வழக்கம்போல உட்கார்ந்து வேலை செய்தார். கல்நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன், வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வீடியோவில் கூப்பிடுவாள். நாங்கள் மூவரும் மேஜையைச் சுற்றி உட்காருவோம். அவள் சிரிப்பாள், சண்டை போடுவாள், தங்கியிருக்கிற அறையைச் சுற்றிக் காட்டுவாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிடும். வாரம் தவறாமல். அவள் முகம் பாதிச் சிரிப்பில் அப்படியே உறைந்து நிற்கும், பிறகு திரை கறுத்துவிடும். "நெட் போயிடுச்சு" என்று அண்ணி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். எனக்கு வந்ததே கோபம்! இணைப்புக் கொடுக்கிற அலுவலகத்துக்குப் போய்க் கத்தினேன். வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள், வந்தவன் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "லைன்ல ஒண்ணும் குறையே இல்லையே சார்" என்றான். "அப்ப எங்க கண்ணுதான் குறையா?" என்று அவனோடு ஒரு மூச்சு சண்டை போட்டேன். வைஃபை பெட்டியைக் கழற்றி என் அறையிலேயே வைத்துக்கொண்டேன், நானே கண்காணிப்பதற்கு. அப்படியும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போயிற்று.

அந்தக் கறுப்பு லேப்டாப் ஒருநாள் உயிரை விட்டது. முதலில் மூடியின் கீல் உடைந்தது. அதனால் அண்ணி அதை முழுதாக மூடுவதே இல்லை, பாதி வரை சாய்த்து வைப்பார். பிறகு ஒரு காலையில் பொத்தானை அழுத்தினால் மின்விசிறி மட்டும் சுற்றியது, திரை வரவில்லை. ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அலுவலகத்தில் கேட்டதற்கு, இனி நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், இணைப்பைத் திரையிலேயே அணைத்துக்கொண்டால் போதும், விதியை மாற்றிவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பாடா, விஷயம் சுலபமாக முடிந்தது என்று நான் நினைத்தேன். எங்கே முடிந்தது? அண்ணி ஒரே பிடியாக நின்றார். "ஸ்விட்ச் வச்ச லேப்டாப்தான் வேணும் தம்பி."

கடைத்தெருவில் ஏறாத கடை இல்லை. ஒவ்வொரு கடையிலும் அண்ணி லேப்டாப்பைத் தூக்கி, திரையைப் பார்க்காமல், குனிந்து விளிம்பைத் தடவிப் பார்ப்பார். விற்கிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் மேலே மின்விசிறியைப் பார்ப்பேன்.

ஒரு கடையில் விற்பனைக்காரர் பொறுமையானவர். "இதெல்லாம் இப்ப வர்றதே இல்ல மேடம். இதோ பாருங்க, இந்த மூலையில ஒரு படம் இருக்கு. அதத் தொட்டா ஒரு பட்டியல் விரியும். அதுல இதத் தொட்டீங்கன்னா ஆஃப்."

"அது ஆஃப் ஆயிடுச்சுன்னு யார் சொல்றது?"

"அதான் திரையிலயே காட்டுதே மேடம்."

"அதுவே செஞ்சிட்டு, அதுவே செஞ்சேன்னு சொன்னா? என் பொண்ணும் அப்படித்தான் படிச்சிட்டேன்னு சொல்லும்."

அவர் அசடு வழிந்தார். விசைப்பலகையில் விமானப் படம் போட்ட ஒரு பொத்தானைக் காட்டினார். அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டார். கண்ணை மூடியபடியே அந்தப் பொத்தானைத் தேடினார். விரல் பக்கத்துப் பொத்தானில் விழுந்து திரையின் வெளிச்சம் கூடியது. மறுபடி தேடினார், இந்தமுறை ஒலி நின்றது. "பாத்தீங்களா? கிடைக்கல" என்று கண்ணைத் திறந்தார்.

"ஏன் மேடம் கண்ண மூடிட்டு..."

"உங்க கடையில லைட்டுக்கு ஸ்விட்ச் எங்க இருக்கு? செவுத்துல. இருட்டுலயும் கைக்குக் கிடைக்கணும்னுதான? அத மட்டும் ஏன் இன்னும் எடுக்கல?"

அவர் அந்த லேப்டாப்பை மூடி உள்ளே வைத்தார். எனக்கும் பொறுமை போயிற்று. வெயில் வேறு. வெளியே வந்ததும் பேருந்து நிறுத்தத்தில் வைத்து வெடித்துவிட்டேன். "ஆபீஸே வேண்டாங்குது அண்ணி. அப்புறம் யாருக்காக இந்தப் பிடிவாதம்? கண்ண மூடிட்டு லேப்டாப்ப யாராவது ஓட்டுவாங்களா? நாலு பேர் பாத்தா என்ன நெனப்பாங்க?"

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் கைப்பை. கட்டைவிரல் அதன் விளிம்பில் போய்வந்துகொண்டிருந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கண்ணுல தண்ணி நின்னா திரையில எதுவும் தெரியாது தம்பி. எல்லாம் கலங்கிப் போயிடும். விரலுக்குத் தெரியும்."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது, விளங்கியதும் நானும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன இணைப்பு எங்கே போயிற்று என்று இப்போதுதான் தெரிந்தது. எதைக் கண்டாலும் தடவுகிற விரல்தானே என்று அதை நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. அந்த இணைப்பு அலுவலகத்தில் நான் போட்ட கூச்சலையெல்லாம் நினைத்தால் எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கிற நேரமில்லை அது.

"அவகிட்ட பேசும்போது நல்லாத்தான் இருக்கேன். திடீர்னு ஏதாவது ஒண்ணு. தலைய ஒரு மாதிரி சாய்ப்பா, இல்லாட்டி சின்ன வயசுல மாதிரி கொட்டாவி விடுவா. தொண்டைய அடைச்சிடும். அப்ப டக்குனு தள்ளிடுவேன். முகம் மாறுறதுக்குள்ள."

"அழுதாத்தான் என்ன அண்ணி? பெத்தவ அழக்கூடாதா?"

அதற்கு அண்ணி சொன்னதைக் கேட்ட பிறகு, அவரை நான் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கும் வெளியூரில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பெரிய மருத்துவமனையில், பதிவேடுகள் பிரிவில். நன்றாகத்தான் இருந்திருக்கிறார். அங்கேயே மேல்படிப்புக்கும் அனுப்புவதாக இருந்தார்களாம். வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போன் பேசுவார். ஒரு வாரம் அவருடைய அம்மா போனில் ஒன்றும் பேசாமல் அழுதுவிட்டார்.

"வான்னு எங்கம்மா சொல்லவே இல்ல தம்பி. ஒரு வார்த்தை சொல்லல. அழுதாங்க, அவ்வளவுதான். நான் அடுத்த பஸ்ல பெட்டியோட வந்துட்டேன். யாரையும் குறை சொல்ல முடியாது பாருங்க, நானாதான வந்தேன்? அதுக்கப்புறம் எங்கம்மா இருந்த வரைக்கும், இங்க வராம இருந்திருந்தா என்ன ஆயிருப்பேன்னு அப்பப்ப நெனைப்பேன். நெனைச்சிட்டு எங்கம்மா முகத்தப் பாக்கவே பிடிக்காது. என் பொண்ணு ஒருநாள் என்னை அப்படிப் பாக்கக்கூடாது."

பேருந்து வந்தது, ஏறாமல் விட்டோம்.

விஷயம் அப்போது நெருக்கடியான கட்டத்தில் இருந்தது. வாலுவுக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதே நேரம் எங்கள் ஊரிலேயே ஒரு சின்ன ஆய்வுக்கூடத்திலிருந்தும் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். இங்கே வந்தால் வீட்டுச் சாப்பாடு, ஆனால் வேலை சுமார். அங்கே இருந்தால் வேலை அருமை, ஆனால் இனி அதுதான் அவள் ஊர். ஒவ்வொரு வாரமும் அவள் கேட்பாள், "நான் என்னம்மா பண்ணட்டும்?" ஒவ்வொரு வாரமும் அண்ணி, "உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்" என்று சொல்லிவிட்டு 'டிக்'.

கடைசியில் வெள்ளி நிறத்தில், மெலிசான லேப்டாப் ஒன்றை வாங்கினோம். விளிம்பு வழவழவென்று இருந்தது. தடவிப் பார்த்தால் விரல் வழுக்கிக்கொண்டு போனது. அண்ணியின் முகம் வாடிப்போனதைப் பார்த்து நான் ஒரு யோசனை சொன்னேன். "வைஃபை பெட்டி என் ரூம்லதான இருக்கு? நீங்க இருமுங்க. நான் மாடியிலிருந்து பிளக்கப் புடுங்கிடறேன். நானே உங்க ஸ்விட்ச்." அண்ணி சிரித்தார், ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில் பிளக்குக்குப் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். வாலு 'ஹலோ' சொல்லி வாயை மூடவில்லை, கீழே இருமல். பிடுங்கினேன். "நானில்ல தம்பி, உங்க அண்ணன்!" என்று அண்ணி கத்தினார். சொருகினேன். மறுபடி இணைந்தது. மறுபடி அண்ணன் இருமினார். அவருக்கு அந்த வாரம்தான் சளி பிடிக்க வேண்டுமா? மூன்றாவது தடவை வாலுவே, "விடுங்க, அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாள். அதோடு என் ஸ்விட்ச் உத்தியோகம் போயிற்று.

அடுத்த வாரம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை வாலு தன் அலுவலகத்தில் இருக்கிறேனா போகிறேனா என்று சொல்லியாக வேண்டும். நான் கீழேயே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் நாற்காலியில் பாதித் தூக்கத்தில் இருந்தார். அண்ணி தலையைச் சீவி, முகம் கழுவி, நேராக உட்கார்ந்திருந்தார், ஏதோ நேர்முகத் தேர்வுக்குப் போகிற மாதிரி.

வாலு அன்று விளையாட்டுப் பேச்சே பேசவில்லை. "கடைசியா கேக்கறேன்மா. நான் இருக்கட்டுமா, வரட்டுமா?"

"உனக்கு எது நல்லதோ..."

"அதில்லம்மா. உனக்கு எது வேணும்?"

அண்ணியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ இரு. அங்கயே இரு. சரி, வைக்கட்டுமா?" என்று ஒரே மூச்சில் சொன்னார். கட்டைவிரல் விளிம்பில் இடமிருந்து வலமாக ஒரு தள்ளு தள்ளியது. மற்றொரு கை மூடியைப் பாதி வரை சாய்த்தது, உடைந்த கீலுக்குப் பயந்து வருடக்கணக்கில் செய்த மாதிரியே.

பிறகு முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். சிறு விசும்பல் இல்லை அது. நான் அவர் அழுது பார்த்ததே கிடையாது. அண்ணன் திடுக்கிட்டு எழுந்தார்.

"என்னாச்சு? ஏன் இப்படி..."

"வந்துடுன்னு சொல்ல வந்துச்சுங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டேன்."

"சரி, சரி. அழாத."

"உங்களுக்குத் தெரியாதுங்க. எனக்கு வர்ற குரல்ல ஒரு டாக்டர் பொண்ணு இருக்கு. புதுசு. அப்படியே நம்ம வாலு குரல். அதே அவசரம், அதே மாதிரி கடைசி வார்த்தைய முழுங்கும். அது மூட்டு வலியப் பத்திப் பேசுது. எனக்கு மொதத் தடவையே எல்லாம் புரிஞ்சிடுது. இருந்தும் பெடல மிதிச்சு மிதிச்சு பின்னாடி கொண்டு போய்த் திரும்பத் திரும்பக் கேக்கறேன். அரை நாள் வேலைய ஒரு நாள் பண்றேன். யாரோ ஒருத்தரோட மூட்டு வலியக் கேட்டுட்டு, சிரிச்சிட்டு உக்காந்திருக்கேன். பைத்தியம் புடிச்சிருக்குங்க எனக்கு."

அண்ணனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அவர் தோளில் கையை வைத்தபடி நின்றார். அதைப் பார்க்க மாட்டாமல் நான் மேஜைப் பக்கம் திரும்பினேன். பாதி சாய்ந்த மூடியின் அடியில், விசைப்பலகை மேல் திரை வெளிச்சம் விழுந்து அசைந்துகொண்டிருந்தது. புது லேப்டாப். அதில் ஏது ஸ்விட்ச்?

"அண்ணி..." என்றேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் மூடிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"அம்மா. லைன் இன்னும் போகலம்மா."

அண்ணி விறைத்துப் போனார். அடுத்த நொடி விரல் பாய்ந்து போய் விளிம்பைத் தள்ளியது. தள்ளியது, மறுபடி தள்ளியது. வழவழப்பான உலோகத்தில் அது வழுக்கி வழுக்கிப் போவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன். கொழுந்தன் அண்ணியின் கையைப் பிடிப்பதா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

அண்ணன்தான் மூடியை நிமிர்த்தினார். வாலுவின் முகம் ஈரமாக இருந்தது.

"எவ்வளவு நேரமா கேட்டுட்டு இருக்க?" என்றார் அண்ணி. குரலில் கோபம் மாதிரி ஒன்று.

"மூட்டு வலி வரைக்கும்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நான் என்ன நெனச்சேன் தெரியுமாம்மா? நான் வந்ததிலேருந்து நீ ஒரு தடவகூட எப்ப வர்றன்னு கேட்டதில்ல. பேசிட்டே இருப்ப, கட்டாயிடும். திரும்பக் கூப்பிட்டா எடுக்க மாட்ட. நான் போனது உனக்கு நிம்மதின்னு நெனச்சேன். வீட்ல ஒரு தொல்ல கொறஞ்சதுன்னு."

"அடிப்பாவி!"

"அதனாலதான் வாராவாரம் கேட்டேன். வேலைக்கு முடிவெடுக்கத் தெரியாம இல்ல. நீ வான்னு சொல்றியான்னு பாக்கத்தான் கேட்டேன்."

அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். இவர் மகளைக் கட்டிப்போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார், அவள் அதைப் பார்த்து, தன்னை யாரும் தேடவில்லை என்று அத்தனை தூரத்தில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். யாருக்கு ஆத்திரம் வராது? எனக்கு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"சொல்லும்மா இப்ப. நான் வரட்டுமா?"

எனக்கு அண்ணியின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நாளைக்கே பெட்டி கட்டுவாள். அண்ணனும் அந்த வார்த்தையைத்தான் எதிர்பார்த்து நின்றார் என்று அவர் முகம் சொன்னது. உள்ளதைச் சொன்னால் நானும்தான்.

அண்ணி முந்தானையால் முகத்தை நன்றாகத் துடைத்தார். துடைத்த பிறகும் கண் நிற்கவில்லை, அதை அவர் மறைக்கவும் இல்லை. மகளை நேராகப் பார்த்தார்.

"நீ இல்லாம எனக்கு இந்த வீடு பிடிக்கல. தினமும் தேடுது. அதத் தெரிஞ்சுக்கோ. ஆனா வராத. உனக்கு அந்த வேல பிடிச்சிருக்கு, நீ பேசும்போதே தெரியுது. நான் அழறேன்னு நீ வந்தேன்னா, வாசல்லயே நிக்க வச்சுத் திருப்பி அனுப்புவேன்."

வாலு தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே அழுதாள். "இருக்கேன்னுதான்மா சொல்லப் போறேன்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழைய பழக்கத்தில், "சரிம்மா. வச்சிடவா?" என்று கேட்டாள்.

அண்ணியின் கட்டைவிரல் மேஜை மேல் அசையாமல் கிடந்தது.

"வைக்காத" என்றார் அண்ணி. "ஒண்ணும் பேச வேணாம். உன் வேலயப் பாரு. நானும் என் வேலயப் பாக்கறேன். அப்படியே இருக்கட்டும்."

அண்ணி கேட்டு வாங்கிக்கொண்ட ஒன்றை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாலு போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கத் தொடங்கினாள். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாடிக்குப் போய், வைஃபை பெட்டியின் பிளக் நன்றாகச் சொருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.